சியுங் சாவ் பன் திருவிழா: கூட்டத்துக்குள் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

மே மாதம் பெற்றோருடன் ஹாங்காங் செல்லவிருப்பதாகவும், அந்தச் சமயத்தில் சியுங் சாவ் தீவில் நடக்கும் பன் திருவிழாவைக் காண ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அறுபதைக் கடந்த, சைவ உணவு மட்டுமே உண்ணும் பெற்றோரால் அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியுமா, நள்ளிரவில் பன் கோபுரத்தில் ஏறும் போட்டியை நேரில் பார்க்க வழி உண்டா என்பவை உங்கள் கேள்விகள். தாராளமாகப் போகலாம். ஆனால் கோபுரம் ஏறும் போட்டியை மையமாக வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். அங்கே வந்து கசங்கித் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர், அந்த மூன்று நிமிடப் போட்டிக்காகவே முழு நாளையும் வரிசைகளில் செலவழித்தவர்கள். விழா என்பது அதற்கு முன்பே, வேறு இடங்களில், பெரும்பாலும் நெரிசல் குறைந்த நேரங்களில் நடந்து முடிந்திருக்கும்.

முதலில், இது எதற்கான விழா என்பதைத் தெரிந்துகொண்டால் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். உள்ளூர் மக்கள் இதைத் தாய் பிங் சிங் ஜியூ என்று அழைக்கிறார்கள். ஊரைத் தூய்மைப்படுத்தி அமைதி வேண்டும் தாவோ சமயச் சடங்கு இது. தீவில் கொள்ளைநோய் பரவியபோது மக்கள் பாக் தாய் என்னும் தெய்வத்தின் திருவுருவை வீதிகளில் சுமந்து சென்றதாகவும், நோய் விலகியதாகவும், அதற்கு நன்றியாக ஆண்டுதோறும் விழா எடுப்பதாகவும் மரபுக் கதை சொல்கிறது. பாக் தாய் வடதிசைக்கும் நீருக்கும் அதிபதி. ஆமையையும் பாம்பையும் காலடியில் அடக்கி நிற்பவர். மீன்பிடித் தொழிலால் வாழ்ந்த தீவு அவரைக் காவல் தெய்வமாகக் கொண்டதில் வியப்பில்லை. 1783-இல் கட்டப்பட்ட அவருடைய கோயிலும் அதன் முன்னுள்ள திறந்த மைதானமுமே விழாவின் களம். கடலில் இறந்தவர்கள், நோயில் மடிந்தவர்கள், நினைத்துச் சடங்கு செய்ய உறவினர் இல்லாதவர்கள் ஆகியோரின் ஆவிகளுக்கு உணவளித்து, அவற்றை மனநிறைவோடு அனுப்பிவைப்பதே சடங்கின் உட்கரு. தெய்வத்துக்கு நன்றி சொல்வது ஒரு பாதி என்றால், ஆவிகளுக்குப் பந்தி வைப்பது மறு பாதி.

பன்களின் இடமும் அப்போதுதான் விளங்கும். கோயிலுக்கு முன்னால் நிறுத்தப்படும் மூன்று பெரிய கோபுரங்கள் மூங்கில் சட்டகங்களின் மேல் ஆயிரக்கணக்கான பன்களை அடுக்கி உருவாக்கப்படுபவை. அவை ஆவிகளுக்கான படையல். அருகே காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்த மூன்று பேருருவங்கள் நிற்கும்: நில தெய்வம், மலை தெய்வம், ஆவிகளின் அரசன். இவர்களுள் ஆவிகளின் அரசன்தான் பந்தியை மேற்பார்வை செய்பவர். வந்த ஆவிகள் ஒழுங்காக உண்டு, ஊருக்குத் தீங்கு செய்யாமல் திரும்புவதை உறுதிப்படுத்துவது அவருடைய பொறுப்பு. விழாவின் முதன்மை நாள் இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன், குருமார்கள் ஆவிகளுக்கான இறுதிப் படையல் சடங்கை முடிக்கிறார்கள். அதன்பின் அந்த அரசனின் உருவத்தை எரிக்கிறார்கள். விருந்தினர் போய்விட்டனர் என்பதன் அறிவிப்பு அது. ஆவிகள் விட்டுச் சென்ற பன்கள் அந்தக் கணம் முதல் மனிதர்களுக்கு நற்பேறு தரும் பிரசாதமாக மாறுகின்றன. எட்டாத உயரத்தில் இருக்கும் பன்னுக்கு அதிக நற்பேறு என்ற நம்பிக்கையால்தான் இளைஞர்கள் கோபுரத்தில் பாய்ந்து ஏறினார்கள். ஏறும் போட்டி இந்தத் தொடரின் கடைசிக் கண்ணி. எரிப்பைக் காணாமல் ஏற்றத்தை மட்டும் பார்த்தால், அது நன்றாக ஒளியூட்டப்பட்ட ஒரு விளையாட்டுப் போட்டி, அவ்வளவே.

பலர் எரிப்பைத் தவறவிடுவது எப்படி நேர்கிறது என்பதுதான் வேடிக்கை. எரிப்புச் சடங்கு நடக்கும் அதே நேரத்தில், சுற்றுலாப் பயணிகளில் பெரும் பகுதியினர் போட்டி அரங்குக்கான இலவச அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள், அல்லது கிடைத்த இடத்தை விட்டு நகர மனமில்லாமல் கோபுரத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். சில நூறு அடி தள்ளி நடக்கும் சடங்கைச் சூழ்ந்து நிற்பவர்களில் தீவுக்காரர்களே அதிகம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சீட்டு வரிசைக்குப் போகாமல் அந்தப் பக்கம்தான் நிற்பேன். போட்டியை உள்ளூர்த் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டுகின்றன. அறையில் அமர்ந்தே தெளிவாகப் பார்க்கலாம்.

போட்டி இன்றைய வடிவத்துக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கூட்டத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. பழைய நாள்களில் எவரும் ஏறலாம். ஒரே சமயத்தில் ஏராளமானோர் மூங்கில் கோபுரத்தில் தொற்றிக்கொள்வார்கள். 1978-இல் ஏற்றத்தின்போது கோபுரம் சரிந்து பலர் காயமடைந்தனர். அரசு அந்தப் பழக்கத்துக்குத் தடை விதித்தது. தடை கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. 2005-இல்தான் ஏற்றம் மீண்டும் தொடங்கியது. இந்த முறை கோபுரம் எஃகுச் சட்டகத்தால் ஆனது, உயரம் ஏறத்தாழ 14 மீட்டர், ஏறுபவர்களுக்குப் பாதுகாப்புக் கயிறு கட்டாயம். முன்கூட்டியே பயிற்சி பெற்று, தகுதிச் சுற்றில் தேறிய 12 பேர் மட்டுமே இறுதியில் ஏறுகிறார்கள். மூன்று நிமிடத்துக்குள் பறித்துப் பையில் போடும் பன்களுக்கு உயரத்தைப் பொறுத்து மதிப்பெண்: உச்சியில் இருப்பதற்கு 9, நடுப்பகுதிக்கு 3, அடிப்பகுதிக்கு 1. போட்டிக் கோபுரத்தில் தொங்குபவை இப்போது நெகிழிப் பன்கள். இதை மரபின் சீரழிவு என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையான பன்கள் கோயில் முன்னுள்ள கோபுரங்களில் அப்படியே இருக்கின்றன, அவை விழா முடிந்தபின் மக்களுக்கு வழங்கப்படுகின்றன. எனினும் நெகிழிப் பன்களை மட்டும் பார்த்துவிட்டுப் படையலைப் பார்க்காமல் திரும்புவது வருந்தத்தக்கதே.

இனி கூட்டம். சியுங் சாவ் தீவின் மொத்தப் பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. இரு முனைகளிலும் குன்றுகள், நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு என்னும் அமைப்பு அதனுடையது. ஊரும் கடைத்தெருவும் கோயிலும் அந்த ஒடுங்கிய பகுதியில்தான் இருக்கின்றன. மேற்குக் கரையில் உள்ள படகுத்துறையிலிருந்து கிழக்குக் கரையின் துங் வான் கடற்கரைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம். கார்கள் கிடையாது. தெருக்கள் இருவர் குடை விரித்து எதிரெதிரே கடப்பதே சிரமம் என்னும் அளவுக்குக் குறுகியவை. இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் இத்தகைய இடத்தில் ஒரே பிற்பகலில் பல்லாயிரம் பேர் வந்து இறங்கும்போது நெரிசல் மூன்று இடங்களில்தான் உண்டாகிறது: நகரின் சென்ட்ரல் படகுத்துறை, தீவின் படகுத்துறையிலிருந்து கோயிலுக்குச் செல்லும் கடலோரச் சாலை, ஊர்வலம் செல்லும் உள் தெருக்கள். இந்த மூன்றையும் உச்ச நேரத்தில் தவிர்க்க முடிந்தால், அதே நாளில் அதே தீவில் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

அதற்கு ஒரே வழி, விழாவின் முதன்மை நாளுக்கு முந்தைய நாளே தீவுக்குப் போய்த் தங்குவதுதான். முதன்மை நாள் சீன நாள்காட்டியின் நான்காம் மாத எட்டாம் நாள். புத்தர் பிறந்த நாளும் அதுவே என்பதால் ஹாங்காங்கில் பொது விடுமுறை. 2026-இல் அது மே 24, 2027-இல் மே 13. முற்காலத்தில் பாக் தாய் சன்னதியில் குறி கேட்டுத் தேதியை முடிவு செய்தார்கள். நிலையான தேதி பின்னாளில் வந்தது. 2026-இல் விழா ஞாயிற்றுக்கிழமை வருவதால் மறுநாள் திங்கள்கிழமையும் விடுமுறை. ஆகவே அந்த ஆண்டு கூட்டம் வழக்கத்தை விடக் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே விவேகம். வார நடுவில் விழா வரும் ஆண்டுகள் பார்வையாளருக்கு எப்போதும் எளிதானவை. தீவில் ஒரு ஹோட்டலும் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் சிறு வீடுகளும் உண்டு. விழா நாள்களுக்கு அவை வெகு முன்னதாகவே நிரம்பிவிடும், வாடகையும் ஏறும். செலவுதான், ஆனால் பெற்றோர் நினைத்தபோது அறைக்குத் திரும்பிக் கால் நீட்டிப் படுக்க முடிவதுதான் இந்தப் பயணத்தின் வெற்றியைத் தீர்மானிக்கும். வேறெதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம். முன்பதிவு செய்யும்போது மாடி எத்தனை, மின்தூக்கி உண்டா என்பதையும் கேளுங்கள். பல வீடுகளில் இருக்காது.

முந்தைய நாள் போவதால் கிடைப்பது ஓய்வு மட்டுமன்று. அன்றைக்குக் கோபுரங்கள் முழு அலங்காரத்துடன் நிற்கும், காகிதப் பேருருவங்களின் அருகில் சென்று பார்க்கலாம், மூங்கில் கொட்டகையில் கான்டனிய இசை நாடகம் நடந்துகொண்டிருக்கும். இந்த நாடகம் தெய்வங்களுக்கு நடத்தப்படுவது. மக்களும் உடன் அமர்ந்து பார்க்கிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் முக ஒப்பனை, ஆடைகள், மேளத்தின் வேகம் ஆகியவற்றுக்காகவே அரை மணி நேரம் உட்காரலாம். தீவின் வெவ்வேறு பகுதிக் கோயில்களிலிருந்து தெய்வங்களின் உருவங்கள் பல்லக்கில் கொண்டுவரப்பட்டு விழாப் பந்தலில் எழுந்தருளியிருக்கும். மீனவர்களின் தாயான தின் ஹாவ், கருணையின் வடிவமான குவான் யின் ஆகியோரை அங்கே ஒருசேரக் காணலாம். குருமார்கள் சடங்கு செய்யும்போது அவர்களுக்கும் பீடத்துக்கும் இடையே குறுக்கே நடக்காதீர்கள், படையல்களைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். ஓரமாக நின்று பார்ப்பவரை யாரும் விரட்டுவதில்லை.

முதன்மை நாளின் பெரிய நிகழ்ச்சி பிற்பகல் ஊர்வலம். கோபுர ஏற்றத்தை விட்டுவிடலாம் என்று சொன்ன நானே இதை விட வேண்டாம் என்று வற்புறுத்துவேன். சிறு குழந்தைகள் புராண மாந்தர்களைப் போலவும், சமகாலப் பிரமுகர்களைப் போலவும் வேடமிட்டு, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, ஒரு விசிறியின் நுனியிலோ வாளின் முனையிலோ நின்றபடி மிதந்து வருவார்கள். உண்மையில் உடலின் வளைவுக்கேற்ப வளைத்த இரும்புச் சட்டம் ஒன்று ஆடைக்குள் மறைந்திருக்கிறது. குழந்தை அதில் பொருத்திய சிறு இருக்கையில் அமர்ந்திருக்கிறது. தொங்கும் கால்கள் போலித் துணியால் ஆனவை என்பதும், நிற்பதுபோன்ற தோற்றம் தையல்காரரின் கைவண்ணம் என்பதும் கூர்ந்து பார்த்தால் புலப்படும். ஒவ்வொரு தெருச் சங்கமும் தன் காட்சியை ஊர்வலம் வரை வெளியே சொல்லாமல் காக்கிறது, ஏனெனில் அவர்களுக்குள் போட்டி உண்டு. அரசு அதிகாரிகளையும் அந்த ஆண்டின் அரசியல் சச்சரவுகளையும் கேலி செய்யும் வேடங்களுக்குத்தான் கைத்தட்டல் அதிகம். சடங்கின் நடுவே இவ்வளவு துடுக்குத்தனத்துக்கு இடம் விட்டிருப்பது இந்த ஊரின் சிறப்பு என்றே கருதுகிறேன். குழந்தைகளோடு பெற்றோரும் உறவினரும் குடை பிடித்தும் தண்ணீர் கொடுத்தும் நடந்து வருவார்கள். சிங்க ஆட்டக் குழுக்களும் மேளங்களும் முன்னும் பின்னும் செல்லும்.

எங்கே நிற்பது என்பது முக்கியம். கோயில் மைதானத்துக்கு அருகிலும் படகுத்துறைக்கு எதிரிலும் இடம் பிடிக்க மக்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். ஊர்வலம் ஊரைச் சுற்றி வருவது. ஆகவே உள் தெரு ஒன்றில், கடை நிழலில், பக்கச் சந்து பிரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். பார்வைக்கோணம் சற்றுக் குறையும். ஆனால் பெற்றோருக்குத் தலை சுற்றினால் உடனே பின்வாங்க வழி இருக்கும். ஊர்வலம் முடியும் தறுவாயில் தெய்வங்களைச் சுமந்து வருபவர்கள் கோயிலை நோக்கிப் பல்லக்குகளோடு ஓடுவார்கள். ஓட்டம் வேகமானது, பாதையில் நிற்பவர்கள் ஒதுங்கியே ஆக வேண்டும். முதியவர்களை அந்தப் பகுதியில் நிறுத்தாதீர்கள்.

நெரிசலின் ஆபத்தைப் பற்றி மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் சொல்கிறேன். 1993 புத்தாண்டு தொடங்கிய இரவில் ஹாங்காங்கின் லான் குவாய் ஃபோங் என்னும் சரிவான தெருவில் ஏற்பட்ட நெரிசலில் 21 பேர் இறந்தனர். அந்தத் துயரம் நகரின் நினைவில் ஆழமாகப் பதிந்தது. பெருங்கூட்டங்களைக் காவல்துறை ஒருவழிப் பாதைகளாலும் தடுப்புகளாலும் நெறிப்படுத்துவது இன்று அங்கே வழக்கமான காட்சி. சியுங் சாவிலும் அப்படித்தான். அருகிலுள்ள இடத்துக்குச் சுற்றி அனுப்புகிறார்களே என்று எரிச்சல் வரும். அந்தச் சுற்றுப் பாதையே உங்களைக் காப்பது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுற்றி நிற்பவர்களின் தோள்கள் உங்கள் தோளை எல்லாப் பக்கமும் தொடத் தொடங்கி, நீங்கள் நினைத்த திசையில் திரும்ப முடியாத நிலை வந்தால், அது வெளியேற வேண்டிய நேரம். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் நகரும் போக்கிலேயே சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். குடும்பத்தார் பிரிந்துவிட்டால் சந்திப்பதற்கு, படகுத்துறையைச் சொல்லாமல், துங் வான் கடற்கரைப் பக்கம் ஓரிடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முழுவதும் மேற்குக் கரையில் இருக்கும்போது கிழக்குக் கரையில் காற்றும் இடமும் இருக்கும்.

சைவ உணவைப் பொறுத்தவரை, ஆண்டின் வேறெந்த நாளையும் விட அந்த நாள்களே உங்களுக்கு ஏற்றவை. விழாவையொட்டி மூன்று நாள்கள் தீவில் புலால் விலக்குவது மரபு. வழக்கமாக மீனும் இறாலும் நண்டும் விற்கும் கடலோர உணவகங்கள் காளான், டோஃபு, காய்கறி வகைகளுக்கு மாறுகின்றன. தீவிலுள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகூட அந்த நாள்களில் காளான் பர்கர் விற்பது பலரும் புகைப்படம் எடுக்கும் செய்தி. எல்லாக் கடைகளும் இன்று ஒரே கண்டிப்போடு இதைக் கடைப்பிடிக்கின்றன என்று எண்ணிவிட வேண்டாம், கேட்டு வாங்குங்கள். பன்கள் வெண்மையாக, மென்மையாக, ஆவியில் வெந்தவை. மேலே அமைதி என்னும் பொருளுடைய இரண்டு சீன எழுத்துகள் சிவப்பு முத்திரையாகப் பதிந்திருக்கும். உள்ளே தாமரை விதை, எள் அல்லது சிவப்புப் பயறு கொண்டு செய்த இனிப்பு விழுது இருக்கும். சீன அடுமனைப் பண்டங்களில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பொதுவாக உண்டு என்பதால், பெற்றோர் இதில் கண்டிப்பானவர்கள் என்றால் பன் வாங்கும் கடையில் இதையும் கேட்பது நல்லது. கேள்வியைச் சீன எழுத்தில் கைப்பேசியில் தயாராக வைத்திருங்கள். பன் கடைகளில் வரிசை பிற்பகலில்தான் நீளும். காலையில் எழுந்து போனால் சூடாகவே கிடைக்கும்.

வானிலை இரக்கம் காட்டாது. மே மாத வெப்பம் முப்பது டிகிரியைத் தொடும், காற்றில் ஈரம் மிகுதி, இடையில் பெருமழையும் வரும். ஹாங்காங் வானிலை ஆய்வகம் மழை எச்சரிக்கையை மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று படிகளில் அறிவிக்கிறது; கறுப்பு என்பது மணிக்கு 70 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடிய மழை. அத்தகைய எச்சரிக்கை வந்தால் நிகழ்ச்சிகள் தள்ளிப்போகலாம். கூட்டத்தில் குடை பிறர் கண்ணில் குத்தும், மெல்லிய மழையங்கியே மேல். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பெற்றோர் தாகம் எடுக்கும் முன்பே குடிக்கச் செய்யுங்கள்.

போவதற்கும் வருவதற்கும்: சென்ட்ரல் 5-ஆம் படகுத்துறையிலிருந்து சாதாரணப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், விரைவுப் படகில் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டணத்துக்கு ஆக்டோபஸ் என்னும், முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்துப் பயன்படுத்தும் பயண அட்டை போதும். விழா இரவில் கூடுதல் படகுகள் விடிய விடிய ஓடுகின்றன, ஆனாலும் போட்டி முடிந்தவுடன் உருவாகும் வரிசை முதியவர்களுக்கு உரியதன்று. தீவில் தங்கியிருந்தால் அந்தக் கவலை இல்லை. மறுநாள் காலை பன் வழங்கலைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு முன் கிளம்பலாம். விமான நிலையம் நேரே செல்ல வேண்டுமென்றால், சென்ட்ரலுக்குத் திரும்பாமல் லான்டாவ் தீவின் முய் வோவுக்குச் செல்லும் சிறு படகில் ஏறி, அங்கிருந்து பேருந்தில் துங் சுங் வழியாகப் போகலாம். படகுகள் அடிக்கடி இல்லை, நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஹாங்காங்கில் 14 நாள்கள் வரை விசா இன்றித் தங்கலாம் என்றாலும், புறப்படும் முன் இணையத்தில் வருகைக்கு முந்தைய பதிவைச் செய்து, அதற்கான அறிவிப்புத் தாளை அச்சிட்டு எடுத்துச் செல்வது கட்டாயம். பதிவு ஏற்கப்படாவிட்டால் முறைப்படி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பெற்றோர் இருவருக்கும் தனித்தனியாக இந்தப் பதிவை முடித்த பிறகே தீவில் அறைக்கு முன்பணம் கட்டுங்கள்.